வெள்ளைக் கோளி: ஓர் அப்பியாசக் கொப்பியைச் செப்பனிட்ட பதிவு

80 பக்க ஒற்றைறூள் கொப்பி, அதாவது ஒற்றைக் கோடு போட்டது. முன்மட்டையில் பாதி இல்லை. மிச்சப் பாதியில் என் பெயரும் வகுப்பும், அதற்குக் கீழே பெரிய எழுத்தில் ‘கவிதைகள்’ என்ற தலைப்பும் இருக்கின்றன. 1993க்கும் 1995க்கும் இடையில், ஒன்பது பத்து வயதில், நான் எழுதிய பாட்டுகள் முழுக்க இதற்குள்தான். ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, முடிவில் ஒரு பூவும் கீறி வைத்திருக்கிறேன்.

அம்மா இதைக் காணி உறுதியோடும் எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களோடும் ஒரே பொலித்தீன் பையில் வைத்திருந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அந்தப் பையும் எங்களோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. அன்று மழை. கொப்பியின் கீழ் மூலையில் பழுப்பாக வளைந்து போகும் கறை அந்த மழையில் வந்தது. அடுத்த வருடம் கோண்டாவில் வீட்டுக்குத் திரும்பிய பிறகு பை றங்குப்பெட்டிக்குள் போய்விட்டது. உறுதியும் பத்திரங்களும் தேவைப்பட்ட நேரமெல்லாம் வெளியே வந்து போயின. கொப்பி அடியிலேயே கிடந்தது.

இந்த ஆடியில் அதைத் திருத்தத் தொடங்கினேன். ஆடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். வாடைக்காற்றுக் காலத்தில் பசை காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். ஆடியில் சோளகக் காற்று அடிக்கும், புழுதி பறக்கும், ஆனால் காற்று வறண்டிருக்கும். யன்னலைச் சாத்திக்கொண்டால் கடுதாசி வேலைக்கு அதைவிட நல்ல காலம் இல்லை.

பழுது பார்த்தது

எதையும் தொடாமல், விறாந்தையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் குறிப்பு மட்டும் எழுதினேன். கண்ட பழுதுகள் இவை. நடுவில் இருந்த இரண்டு கம்பியும் துருப்பிடித்து, துரு மூன்று நான்கு தாள்களைத் தின்று துளையைப் பெரிதாக்கியிருந்தது. மைப்பேனையால் எழுதிய பக்கங்களில் மழை பட்ட இடம் நீலமாகக் கரைந்திருந்தது. குமிழ்முனைப் பேனையால் எழுதியவை அப்படியே நின்றன. குமிழ்முனை மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீருக்கு அசையாது. பிறகு எப்போதோ கிழிசல்களின் மேல் ஒட்டிய செலோரேப் காய்ந்து, மஞ்சளாகிப் பொருக்கு வெடித்திருந்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக இராமபாணப் பூச்சி. முதுகுப்பக்கம் முழுவதும் அதன் வழித்தடம்.

சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கலித்தொகையைப் பதிப்பித்தபோது தாம் கண்ட ஏடுகளின் நிலையைப் பதிப்புரையில் எழுதியிருக்கிறார். எடுத்தால் ஓரம் சொரிகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, பாணப்பூச்சி எழுத்தின் மேல் கலப்பை ஓட்டியிருக்கிறது என்று 1887இல் அவர் வருந்தினார். அவர் கையில் இருந்தது சங்க இலக்கியம். என் கையில் இருந்தது ஒரு சின்னப் பிள்ளையின் கொப்பி. ஆனால் பூச்சிக்கு அந்த வித்தியாசம் கிடையாது. காப்பாற்றும் வேலையிலும் பெரிய வித்தியாசம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோன ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கையால் எழுதிய எந்தத் தாளையும் எறிய மனம் வராது. எனக்கும் வரவில்லை.

குறிப்பெழுத உட்கார்ந்தவள் பாட்டுகளை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒன்பதாவது பாட்டு இது:

ஜாம் போத்தல் விளக்கே
சாமம் வரைக்கும் எரிவாயோ
நாளைக்குச் சோதனை எனக்கு
நாலு கணக்கு மிச்சம்.

போரில் எங்கள் பக்கத்துக்குப் பொருளாதாரத் தடை போட்டிருந்த காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச எண்ணெயை விட்டு, சின்னத் திரி ஒன்றைக் கொளுத்தினால் அது நெடுநேரம் நின்று எரியும். வலிகாமத்தில் அந்த வெளிச்சத்தில் படிக்காத பிள்ளை இல்லை. பத்திரிகைகள்கூடக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை. கொப்பி கிடைப்பதே கஷ்டமாக இருந்த நேரத்தில், ஒரு முழுக் கொப்பியைப் பாட்டெழுத எனக்குத் தந்திருக்கிறார் அம்மா. இதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

மோனை என்ற சொல்லை அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் ‘ஜாம்’ வந்த அடிக்குப் பின்னால் ‘சாமம்’ வந்திருக்கிறது, ‘நாளை’க்குப் பிறகு ‘நாலு’ வந்திருக்கிறது. பள்ளியில் காலையில் பாடிய தேவாரமும், நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டும் காதுக்குள் போய்ச் செய்த வேலை அது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் யாப்பு ஆசிரியர் அந்தப் புலவர்தான்.

பூச்சி

பூச்சி உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிராமல் முதலில் அதை நிறுத்திவிடுவது நல்லது. மருந்து அடிக்கவில்லை, வெயிலிலும் போடவில்லை. ஆடி வெயிலில் புத்தகம் காயப்போடும் வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. வெயில் பூச்சியை விரட்டினாலும் மையை வெளுக்கவைத்துக் கடுதாசியை மொறுமொறுப்பாக்கிவிடும்.

குளிர்தான் பாதுகாப்பான வழி. கொப்பியை ஒற்றுத்தாளில் சுற்றி, இரண்டு பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, காற்றைப் பிழிந்து எடுத்து, வாயை இறுக்கி ஒட்டி உறைகுளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். வீட்டுப் பெட்டிகள் சுமார் −18 பாகைக்குப் போகும். அந்தக் குளிரில் இரண்டு வாரம் இருந்தால் முட்டையும் சாகும். வெளியே எடுத்த உடனே பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த கடுதாசியில் வியர்த்துவிடும். எங்கள் பிறிஜ்ஜில் மேல் தட்டு சின்னது. பக்கத்து வீட்டு அன்ரி தன் பெரிய பெட்டியில் மீனெல்லாம் ஒரு பக்கம் ஒதுக்கி இடம் தந்தார்.

அதன் பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே இருந்து, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தூசு தட்டினேன். பூஞ்சணப் பொட்டுகளும் காய்ந்திருந்ததால் அதிலேயே போய்விட்டன.

படம் எடுத்தல்

திருத்தத் தொடங்கும் முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதுதான். கை பட்ட பிறகு பழைய நிலை திரும்பி வராது. போன் கமரா போதும். நேர் வெயில் இல்லாத காலை வெளிச்சம், கமராவும் பக்கமும் சமாந்தரம், அவ்வளவுதான்.

மங்கிய நீல மையை வாசிக்க ஒரு வழி உண்டு. நீல மை சிவப்பு ஒளியை விழுங்கும். பழுப்பேறிய கடுதாசியோ சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ஆகவே நிறப்படத்தை எடுத்து, சிவப்பு அலைவரிசையை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பிரித்துப் பார்த்தால் கடுதாசி வெளுத்து, எழுத்து கறுத்து எழும்பும். போனில் இருக்கும் படத்திருத்தச் செயலிகள் பலவற்றில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பு வடி என்று ஒன்று இருக்கும். அதுவே இந்த வேலையைச் செய்யும். மழையில் கரைந்த இரண்டு பக்கங்களை இப்படித்தான் வாசித்தேன். கண்ணுக்கு வெறும் நீலப் புகாராகத் தெரிந்த இடத்தில் ‘பனங்காய்’ என்ற சொல் முழுதாக நின்றது.

சரி, இருபத்து மூன்றாம் பாட்டுக்கு வருகிறேன்.

இலக்கங்கள் 22இல் இருந்து 24க்குத் தாவின. நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டு, மடிப்போடு ஒரு விரல் அகலத் துண்டு மட்டும் நின்றது. அந்தத் துண்டில் என் கையெழுத்தில் ‘23’. பாட்டு இல்லை. அது எதைப் பற்றியது என்றும் எனக்கு நினைவில்லை.

குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதினால் அடியில் இருக்கும் தாளில் பள்ளம் விழும். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றைப் பக்கத்தோடு படுக்கவைத்து, வெளிச்சம் தாளின் மேல் உரசிக்கொண்டு போவதுபோல் பிடித்தால் பள்ளத்தின் ஒரு கரை ஒளிரும், மறுகரையில் நிழல் விழும். பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது கரியைப் பள்ளத்தில் நிரப்பித் தாளை நிரந்தரமாக அழுக்காக்கும். வெளிச்சம் எதையும் தொடாது. இன்னொன்று, இதைப் பசை வேலைக்கு முன்பே செய்துவிட வேண்டும். தாளில் ஈரம் பட்டுப் பாரம் ஏறினால் பள்ளம் நிரவிப்போய்விடும்.

24ஆம் பாட்டு இருந்த பக்கத்தில் ரோச்சைச் சாய்த்தேன். ஒரு திசையில் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் இருந்து பிடித்தபோது கோடுகளுக்கு நடுவில் வட்ட வட்டமாக எழுத்துகள் எழும்பின. ‘ளி’ தெரிந்தது. பிறகு ‘கோளி’. ரோச்சை ஒரு புத்தக அடுக்கின் மேல் வைத்து, நிழல் மாறும் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுத்து, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டி வாசித்தேன்.

கோளி கோளி வெள்ளைக் கோளி
தோளில் ஏறி நிக்கும் கோளி
மாமா வந்தால் மதிலில் ஏறும்
மாமி வந்தால் அடுப்படி போகும்
நான் வந்தால் மட்டும் ……… சொல்லும்.

கடைசி அடியில் ஒரு சொல் வரவில்லை. 24ஆம் பாட்டின் முடிவில் நான் கீறிய பூ, சரியாக அந்த இடத்தில் இருக்கிறது. இதழ்களை அவ்வளவு அழுத்திக் கீறியிருக்கிறேன்; அடியில் இருந்த பள்ளம் அதற்குள் மறைந்துவிட்டது.

அத்தோடு விடாமல் 22ஆம் பாட்டின் பின்பக்கத்தையும் பார்த்தேன். ஒரு தாளின் முன்பக்கத்தில் எழுதினால் பள்ளம் அடுத்த தாளில் விழும். பின்பக்கத்தில் எழுதும்போது அந்தத் தாள் இடப்பக்கம் புரண்டு முந்தைய தாளின் மேல் கிடக்கும்; பள்ளம் அந்த முந்தைய தாளில் விழும். அங்கே வெறுமையாக இருந்த பக்கத்தில் வேறொரு கையெழுத்து, பெரிய பெரிய எழுத்து, என்னுடையதைவிட ஆழமாகப் பதிந்திருந்தது. அம்மாவின் எழுத்து.

‘தம்பி, நாங்கள் கொடிகாமம் பெரியக்கா வீட்டை போறம். திறப்பு வழமையான இடத்தில். கோழிக்குத் தீன் வைச்சிருக்கு. கெதியா வா.’

நாங்கள் இடம்பெயர்ந்த அன்று அம்மாவின் தம்பி, என் மாமா, வேறு இடத்தில் இருந்தார். அவருக்காக எழுதிக் கதவில் செருகிவிட்டு நாங்கள் நடந்திருக்கிறோம். கையில் கிடைத்த வெறும் பக்கம் என் கொப்பியில் இருந்தது. மாமாவிடம் போனில் கேட்டேன். “ஓம் பிள்ளை, கண்டனான். தாள் ஊறிப் போச்சு, எழுத்து மட்டும் நல்லா விளங்கினது. அதைப் பாத்துத்தானே கொடிகாமம் வந்தனான்” என்றார். ஒரே தாளின் ஒரு பக்கம் அம்மாவின் கோழி, மறுபக்கம் என் கோளி. அந்தத் தாள் இனிக் கிடைக்காது. அது விட்டுப்போன இரண்டு பள்ளங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பல இடங்களில் சேமித்து வைத்திருக்கிறேன்.

அந்த 24ஆம் பாட்டு, கொடிகாமத்தில் எழுதியது:

கொடிகாமத்து மணல் வெள்ளை
நொடிக்குள் மழையைக் குடிக்கும்
எங்கட ஊர் மண் சிவப்பு
என்ர செருப்பில் இருக்கும்.

கோண்டாவில் செம்மண்ணையும் தென்மராட்சி மணலையும் அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நான் இன்றைக்கு எழுதினாலும் இதைவிட நன்றாக எழுத மாட்டேன் என்று முழுமனதோடு சொல்கிறேன்.

கம்பியும் பசையும்

நகரில் ஒரு சிறிய அச்சகத்தில் ஐம்பது வருடத்துக்குக் கிட்டப் புத்தகம் கட்டிவரும் ஐயா ஒருவர் இருக்கிறார். கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூடியபடியே முதுகைத் தடவிப் பார்த்தார்.

“கம்பியை வெளியால இழுக்காதேங்கோ பிள்ளை. உள்ளுக்க மடங்கின காலை முதல் நிமித்துங்கோ. நிமித்தேக்க அடியில ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் துண்டை வையுங்கோ. துரு தாளில உரசக் கூடாது.”

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். மழுங்கிய மேசைக் கத்தியின் நுனியால் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி, சாமணத்தால் முதுகுப்பக்கம் இருந்து எடுத்தேன். ஒரு கால் தொட்டவுடன் பொடியாய்ப் போனது. அந்தப் பொடியைத் தூரிகையால் ஒதுக்கினேன்.

பசைக்கு ஐயா தம் வழக்கத்தைச் சொன்னார்: கோதுமைமாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். புத்தகக் கட்டு வேலையில் பரம்பரையாக வரும் முறை அது, கணக்குப் புத்தகங்களுக்கு நன்றாக நிற்கும். ஆனால் மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு, கடுதாசியின் நாரை ஒட்சியேற்றிக் காலப்போக்கில் பழுப்பாக்கி நொறுக்கும். இதை ஐயாவிடம் சொன்னபோது சற்று யோசித்துவிட்டு, “உங்கட கொப்பிக்கு வேண்டாம் எண்டால் வேண்டாம். அப்ப மாவைக் கழுவிப் பால் எடுங்கோ, பூச்சிக்கு அதில அவ்வளவு ருசி இராது” என்றார். காகிதப் பாதுகாப்புக் கூடங்களில் செய்வதும் அதையேதான். மாவில் இருக்கும் புரதத்தை நீக்கி மாப்பொருளை மட்டும் எடுக்கிறார்கள்.

செய்முறையைச் சொல்கிறேன். கோதுமைமாவை ரொட்டிக்குக் குழைப்பதுபோல் குழைத்து அரை மணித்தியாலம் வைக்கவும். பிறகு மெல்லிய துணியில் முடிந்து ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் பிசையவும். தண்ணீர் பாலாக வரும். துணிக்குள் றப்பர் மாதிரி ஒன்று மிஞ்சும், அது வேண்டாம். பாலை இரவு முழுவதும் அசைக்காமல் விட்டால் அடியில் வெள்ளையாக இறுகும். மேல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு இன்னொரு தரம் படியவிட்டால் இன்னும் சுத்தம். அந்த மாப்பொருளில் ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கை எடுக்காமல் துழாவ வேண்டும். முதலில் தண்ணியாக இருக்கும், திடீரென்று இறுகும், அங்கே நிறுத்தக் கூடாது. வெள்ளை போய்க் கண்ணாடிப் பதம் வரும்வரை இருபது நிமிடமாவது துழாவ வேண்டும். ஆறிய பிறகு வடிதுணியில் தேய்த்து வடித்து, வேண்டிய அளவை மட்டும் தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம். பிறிஜ்ஜில் வைத்தால் ஒரு கிழமைக்குள் முடித்துவிடவும். புளித்த மணம் வந்தால் எறிந்துவிட வேண்டும்.

இந்தப் பசையின் பெரிய நன்மை, பிறகு வேண்டாம் என்றால் ஈரம் காட்டிக் கழற்றிவிடலாம். நாளைக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் இந்தக் கொப்பியை எடுத்தால் என் வேலையை அவிழ்த்துவிட்டுப் புதிதாகச் செய்ய முடிய வேண்டும்.

கிழிசல்

கிழிசலுக்கு ஜப்பானியத் திசுத்தாள்தான் தேவை. முசுக்கொட்டை இனத்து மரப்பட்டையின் நீண்ட நாரில் செய்வது. ஊதினால் பறக்கும் மெல்லிசு, ஆனால் இழுத்தால் இலேசில் அறாது. கனடாவில் இருக்கும் மச்சாள் ஒரு சுருள் அனுப்பினாள். பட்டம் கட்டும் வெள்ளைத் தாளில் முயன்று பார்க்கலாமே என்று அண்ணை சொன்னார். அதன் நார் குட்டை, பசை பட்டதும் குழைந்துவிடும் என்பதால் எடுக்கவில்லை.

திசுத்தாளைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் இரண்டு கையாலும் மெல்லப் பிரித்தால் ஓரத்தில் நார் நாராக நீட்டிக்கொண்டு வரும். அந்த நார்கள்தான் கிழிசலின் இரு கரையையும் பிடித்துக்கொள்ளும். ஒட்டிய இடமும் கண்ணில் படாது. பசை தடவி, எழுத்து இல்லாத பக்கத்தில் வைத்து, மேலும் கீழும் ஒட்டாத துணி, அதற்கு மேல் ஒற்றுத்தாள், அதற்கு மேல் கண்ணாடித் தட்டு, கடைசியில் அம்மிக்குழவி. ஈரமான ஒற்றுத்தாளை முதல் மணித்தியாலத்திலேயே மாற்றிவிட வேண்டும்.

மைப்பேனைப் பக்கங்களுக்கு இது சரிவராது. ஈரப் பஞ்சு நுனியை ஒரு முற்றுப்புள்ளியில் வைத்து ஒற்றுத்தாளால் அழுத்திப் பார்த்தேன், நீலம் ஏறியது. அப்படிப்பட்ட பக்கங்களுக்குத் திசுத்தாளில் முதலிலேயே பசை தடவிக் காயவைத்துவிட்டு, ஒட்டும் நேரத்தில் ஈரப் பஞ்சில் ஒரு தொடு தொட்டு உடனே வைக்க வேண்டும். ஒட்டுவதற்குப் போதுமான ஈரம் இருக்கும், மை கரைவதற்குக் காணாது.

செலோரேப்பை எடுக்கப் பொறுமை வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியின் குறைந்த சூட்டைக் காட்டினால் மேலே இருக்கும் பிளாஸ்ரிக் எழும்பும். பழையது என்பதால் பல இடத்தில் தானாகவே கழன்றது. அடியில் நின்ற பிசினை, கூராகச் சீவிய தென்னை ஈர்க்கால் சுரண்டினேன். ஸ்பிரிட் போட்டால் பிசின் கரையும், ஆனால் குமிழ்முனை மையும் கூடவே கரையும். ஆகவே மஞ்சள் கறையை விட்டுவிட்டேன். மழைக் கறையையும் கழுவவில்லை. அது 1995இன் கறை.

தையலுக்கு நேரம் அதிகம் போகவில்லை. இரண்டு கம்பிக்கும் நான்கு துளை ஏற்கெனவே இருந்தது, புதுத் துளை ஒன்றும் போடவில்லை. துளை பெருத்த தாள்களின் மடிப்பில் திசுத்தாள் வைத்துப் பலப்படுத்தி, தேன்மெழுகு பூசிய நூலால் உள்ளிருந்து தொடங்கி உள்ளேயே முடிச்சுப் போட்டேன். 23ஆம் தாளின் துண்டையும் சேர்த்தே தைத்தேன்.

பெயர்த்து எழுதியது

தட்டெழுதும் வேலையை அண்ணையின் மகள் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது நான் இவற்றை எழுதிய வயது. போனில் ‘கோளி’ என்று எழுதியவுடன் மேலே ‘கோழி’ என்று காட்டியது.

“மாமி, இது பிழை எல்லோ? மாத்தட்டே?”

“முதல் மாத்தாமல் ஒருக்கா வாசி. பிறகு மாத்தி வாசி.”

வாசித்தாள். கோளி, தோளில் என்று வாசிக்கும்போது எதுகை நிற்கிறது. கோழி, தோளில் என்று வந்ததும் இரண்டாம் எழுத்து மாறி, அடி நொண்டுகிறது. அவளே நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கோளி எண்டே இருக்கட்டும்” என்றாள்.

எழுத்துப்பிழை என்று இன்று நாம் சிவப்புக் கோடு போடும் இடத்தில், ஒரு பிள்ளை தன் வீட்டில் கேட்ட சத்தத்தை வைத்து எதுகை கட்டியிருக்கிறது. எங்கள் வாயில் கோழி கோளியாகத்தான் வரும். அதைத் திருத்தினால் இலக்கணம் வரும், பாட்டுப் போய்விடும். கடுதாசிக்கு நான் வைத்துக்கொண்ட விதியையே பாட்டுக்கும் வைத்தேன்: கிழிந்ததை ஒட்டலாம், இல்லாததைப் போடக் கூடாது, இருந்ததை அழிக்கக் கூடாது. வெட்டிய சொற்களை வெட்டியபடியே, வெட்டுக்கோட்டோடு எழுதினோம். ‘நிக்கும்’ என்பதை ‘நிற்கும்’ ஆக்கவில்லை, நிக்கும்தான். பத்து வயதுப் பிள்ளை எழுதியதை நாற்பது வயதுக்காரி மெருகுபடுத்த வெளிக்கிட்டால், பிறகு அது யார் எழுதியது?

விடுபட்ட சொல்லுக்கு வீட்டில் ஒவ்வொருவரிடமும் ஒரு விடை இருக்கிறது. ‘வணக்கம்’ என்று அண்ணை, ‘கதை’ என்று அம்மா, ‘ரகசியம்’ என்று மருமகள். மூன்றும் தாளத்துக்குப் பொருந்துகின்றன. மருமகள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது, ஆனாலும் போடவில்லை. பிரதியில் அந்த இடம் புள்ளிகளாகவே இருக்கிறது. மூன்று ஊகங்களையும் யார் சொன்னது என்ற குறிப்போடு தனித் துண்டில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இனி இருக்கும் வேலை பின்மட்டை. அதில் அச்சடித்த நேரசூசிக் கட்டங்களுக்குள் திங்கள் முதல் வெள்ளி வரை பாடங்களை நிரப்பியிருக்கிறேன்; மட்டை இரண்டு படையாகப் பிரிந்து நிற்கிறது. நடுவில் கொஞ்சம் இறுக்கமான பசை விட்டு அழுத்தினால் சேர்ந்துவிடும் என்று ஐயா சொல்கிறார். மழை தொடங்க முன் அதை முடித்துவிட்டு, அமிலம் நீக்கிய மட்டையில் ஒரு பெட்டி செய்ய வேண்டும். படங்களை 2005இலிருந்து ஈழத்து எழுத்துகளை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். காணி உறுதி இருந்த பையில் முப்பது வருடம் வைத்திருந்தவர் அவர், முடிவும் அவருடையதுதான். “முதல் எனக்கு முழுக்க வாசிச்சுக் காட்டு, பிறகு சொல்லுறன்” என்கிறார். பதினான்காம் பாட்டு வரை வாசித்திருக்கிறோம்.